அம்புவாஸ் கோட்டையில் இருபத்தைந்து கபுறுகள்



பிரான்ஸ் என்றதும் உங்களில் பலருக்கு ஈபெல் கோபுரமும் அத்தர் போத்தலும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தங்கச்சியைப் பார்க்கப் போனபோது, அவளுடைய மாப்பிள்ளை, "ராத்தா, பாரிஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் நாட்டுப்புறத்துக்குப் போய் வருவோம். அங்கே ஒரு கோட்டையில் நம்முடைய ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். வேலை பார்க்கிறார்களாக்கும் என்று நான் நினைத்தேன். அவர் சிரித்தாரே தவிர விளக்கம் சொல்லவில்லை.

பாரிஸிலிருந்து தென்மேற்கே இரண்டரை மணித்தியாலம் காரில் போனால் லுவார் நதி வருகிறது. நம்முடைய மகாவலியைப் போல அவசரப்படாமல், நடுவில் மணல் திட்டுக்களை விட்டு விட்டு ஓடுகிறது. இரு கரையிலும் வெண்கல் பாறை. அந்தக் கல் மெதுவானது, வெட்ட இலகுவானது. அரசர்கள் அதை வெட்டி அரண்மனை கட்டினார்கள். கல் வெட்டிய குழிகளில் ஏழைகள் குடியிருந்தார்கள். பாறையைக் குடைந்த அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றின் வாசலில் உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். பாறைக்குள் கதவும், யன்னலில் பூச்சட்டியும், மேலே புகைபோக்கியும் இருந்தன.

முதல் இரவு லோஷ் என்ற சிற்றூரில் தங்கினோம். கோட்டை மதிலுக்குள்ளே முழு ஊரும் அடங்கியிருக்கிறது. தெருக்கள் இரண்டு பேர் கை நீட்டினால் சுவரைத் தொடும் அளவுதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னர் எழுப்பிய சதுரக் கோபுரம் கூரையில்லாமல் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. மீலான் நகரத்தின் பிரபு ஒருவரைப் பிரெஞ்சு அரசர் பிடித்து வந்து இங்கே அடைத்து வைத்திருந்தார். 1508இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார். அவர் சுவரில் வரைந்ததாகச் சொல்லப்படும் சித்திரங்கள் மங்கலாகத் தெரிகின்றன. "கோட்டை என்றால் ராணிமார் மட்டும்தான் என்று நினைத்தேன் பெரியம்மா" என்றாள் தங்கச்சியின் மகள். அவள் கடைக்குட்டி, பதினாறு வயது. அங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சுதான். அந்நாட்டில் 2004இல் வந்த சட்டப்படி அரச பாடசாலைக்குள் முக்காடு போட முடியாது. தினமும் படலையடியில் கழற்றிப் பையில் வைத்து, வெளியே வந்ததும் போட்டுக்கொள்கிறாள். அதைப் பற்றி நான் கேட்டபோது, "பழகிவிட்டது" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஷெனோன்ஸோ. சகோதரிகளே, இந்த மாளிகையை நீங்கள் பார்க்க வேண்டும். ஷேர் என்ற ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போலக் கட்டியிருக்கிறார்கள். வளைவுகளுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. பெண்களின் மாளிகை என்றே இதற்குப் பெயர். கட்டட வேலையை முன்னின்று பார்த்தவர் ஒரு பெண். பாலம் போட்டவர் தியான் த புவாத்தியே. பாலத்தின் மேல் நீண்ட மண்டபம் எழுப்பியவர், அவரை வெளியேற்றிவிட்டு மாளிகையை எடுத்துக்கொண்ட அரசி கத்தரீன் த மெதிசி. ஒருத்தி அரசரின் காதலி, மற்றவள் அரசரின் மனைவி என்றால் மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். முதலாம் உலக யுத்தத்தில் அந்த மண்டபம் காயப்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியசாலையானது.

எனக்குப் பிடித்தது குசினிதான். ஆற்றுக்குள் இறங்கும் பாலத் தூண்களின் வயிற்றுக்குள் அதை அமைத்திருக்கிறார்கள். தோணியில் வரும் சாமான்களை நேரே குசினி வாசலில் இறக்கலாம். உள்ளே பெரிய அடுப்பு, பாண் போறணை, செப்புச் சட்டிகள் பெரிதும் சிறிதுமாக வரிசையாகத் தொங்குகின்றன. தங்கச்சி ஒரு சட்டியைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டினாள், காவலாளி இருமினார்.

மேலே ஓர் அறை முழுக்கக் கறுப்பு. மூன்றாம் ஹென்றி அரசர் 1589இல் கொலை செய்யப்பட்ட பிறகு, அவருடைய மனைவி லூயிஸ் அந்த மாளிகைக்குள் ஒதுங்கிவிட்டார். சுவரெல்லாம் கறுப்பு, அதில் வெள்ளியில் கண்ணீர்த் துளிகளும் மண்வெட்டிகளும் வரைந்திருக்கிறது. ஆனால் அவர் உடுத்தியது வெள்ளை. அக்காலத்தில் பிரெஞ்சு அரசிகளுக்குத் துக்க நிறம் வெள்ளை. இத்தாவில் வெள்ளை உடுத்தியிருந்த என் உம்மாவின் ஞாபகம் வந்து அறை வாசலிலே நின்றுவிட்டேன். நமக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்று அல்லாஹ் ஓர் எல்லையை வைத்தான். அந்த அரசி எல்லையே வைக்கவில்லை. சாகும்வரை, 1601 வரைக்கும், வெள்ளையைக் கழற்றவில்லை.

ஷாம்போர் என்ற பெரிய மாளிகையும் அந்தப் பக்கம்தான். நானூறுக்கு மேற்பட்ட அறைகளும், ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் சந்திக்காத இரட்டைச் சுழல் படிக்கட்டும் இருக்கின்றன. நேரம் போதவில்லை, வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை. ஆற்றங்கரையில் விரிப்புப் போட்டு, கொண்டு போன ரொட்டியையும் மீன் பொரியலையும் தின்றுவிட்டு, பகல் இரண்டு மணிபோல அம்புவாஸுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்புவாஸ் லுவார் நதிக்கரையில் உள்ள ஊர். ஊருக்கு மேலே பாறைத் திடலில் கோட்டை. குதிரை பூட்டிய வண்டியே ஏறிப்போகும்படி கோபுரத்துக்குள் சுழன்று போகும் சாய்தளப் பாதை வைத்திருக்கிறார்கள். 1498இல் எட்டாம் சார்ள்ஸ் அரசர் அங்கே ஒரு தாழ்ந்த வாசலில் தலையை இடித்துக்கொண்டு அன்றே இறந்தார், வயது இருபத்தேழு. 1560இல் அரசருக்கு எதிராகச் சதி செய்த புரொட்டஸ்தாந்துகளைக் கோட்டைச் சுவர்களில் தொங்கவிட்டார்கள். லியொனார்டோ டா வின்சி தன் கடைசி வருடங்களை அவ்வூரில் கழித்து 1519இல் காலமானார். கோட்டைத் திடலில் உள்ள சிறு தேவாலயத்தில் அவருடைய சமாதி. சுற்றுலாக்காரர் கூட்டமெல்லாம் அங்கேதான். வரிசை வெயிலில் நீண்டு நின்றது.

தங்கச்சியின் மாப்பிள்ளை அந்த வரிசையில் எங்களை நிற்க விடவில்லை. தோட்டத்தின் மேல் பகுதிக்குக் கூட்டிப் போனார். அங்கே சனமே இல்லை. புல்தரையில் சின்னச் சின்ன மீசான் கற்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்து.

"இவர்கள்தான்" என்றார்.

அமீர் அப்துல் காதிர் அல் ஜஸாயிரியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. 1832இல் கோத்திரங்கள் கூடி அவரைத் தலைவராக்கி பைஅத் செய்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. ஓதிய குடும்பத்துப் பிள்ளை. பதினைந்து வருடம் ஒரு பேரரசை எதிர்த்து நின்றார். அதற்கிடையில் நடந்த ஒரு சம்பவத்தைப் பெண்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். பிரெஞ்சுக்காரி ஒருத்தி, கைதான தன் கணவருக்காக அல்ஜியர்ஸ் ஆயர் தூபுஷிடம் போய் அழுதாள். ஆயர் அமீருக்குக் கடிதம் எழுதினார். ஒருவரை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், எல்லாக் கைதிகளையும் கேட்டிருக்கலாமே, எங்கள் ஆட்களையும் விடும்படி உங்கள் பக்கத்தில் சொல்லியிருக்கலாமே என்ற கருத்தில் அமீர் பதில் எழுதினாராம். 1841இல் இரு பக்கத்துக் கைதிகளும் விடுதலையானார்கள்.

1847 டிசம்பரில் அமீர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஒரேயொரு நிபந்தனை: தன்னையும் குடும்பத்தையும் தன்னோடு வர விரும்புகிறவர்களையும் அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பிவிட வேண்டும். தளபதி வாக்குக் கொடுத்தார். அரசரின் மகன் அதை உறுதிப்படுத்தினார். கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் கிழக்கே போகவில்லை. பிரான்ஸின் தூலோன் துறைமுகத்துக்குப் போனது. இரண்டு மாதத்தில் அரசரையே சனங்கள் துரத்திவிட்டார்கள், புதிய குடியரசு வாக்கைக் காப்பாற்றவில்லை. தூலோனில் ஒரு கோட்டை, பிறகு போ நகரத்தில் ஒரு மாளிகை, 1848 நவம்பரில் அம்புவாஸ். அங்கே நான்கு வருடம்.

நாம் வரலாறு படிக்கும்போது அமீரை மட்டும் படிக்கிறோம். அவரோடு அந்தக் கோட்டைக்குள் எண்பது பேரளவில் இருந்தார்கள். வயது போன உம்மா லல்லா ஸஹ்ரா இருந்தார். மனைவிமார், கைக்குழந்தைகள், வேலையாட்கள், அவர்களுடைய பெண்சாதிமார். பாலைவெயிலில் பிறந்தவர்கள். லுவார் நதியின் பனிக்காலம் எலும்புக்குள் இறங்கும் ஈரக் குளிர். அந்தக் கல் மண்டபங்களில் நான் நின்றது கோடையில். அப்போதும் சுவரைத் தொட்டால் சில்லென்றிருந்தது. எந்தப் பெண் எந்த அறையில் பிள்ளை பெற்றாள், எப்படி அடுப்பு மூட்டினாள், ஜனாஸாவுக்குக் கபன் துணி யார் தைத்தார்கள்? இதையெல்லாம் ஒரு பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக இருபத்தைந்து பேர் அங்கேயே மௌத்தானார்கள், பெண்களும் பிள்ளைகளுமாக. கிழக்கே போகும் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களை அந்தத் தோட்டத்து மண்ணில் அடக்கினார்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாக்கு மீறிய நாட்டில்தான் அதை வெட்கமென்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதே ஆயர் தூபுஷ் 1849இல் அமீரின் விடுதலைக்காக ஒரு புத்தகமே எழுதினார். கடைசியில் 1852 ஒக்டோபர் 16ஆம் திகதி லூயி நெப்போலியன் நேரில் கோட்டைக்கு வந்து விடுதலையை அறிவித்தார். அவரும் ஒரு காலத்தில் கோட்டைச் சிறையில் வருடக் கணக்காக இருந்தவர். அந்தக் காட்சியைப் பின்னாளில் ஓர் ஓவியர் வரைந்தபோது, அமீரின் உம்மா குனிந்து அவர் கையை முத்தமிடுவது போல வரைந்தார். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. நான்கு வருடம் பேரப்பிள்ளைகளின் ஜனாஸாவைப் பார்த்த ஒரு மூத்த பெண்மணியை வரைய வேறு கோலம் கிடைக்கவில்லையா?

அமீர் துருக்கிக்குப் போய், 1855இல் டமஸ்கஸில் குடியேறினார். 1860இல் அங்கே கிறிஸ்தவர்களைக் கொல்லக் கூட்டம் திரண்டபோது, தன் ஆட்களோடு தெருவில் இறங்கி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றித் தன் வீட்டில் வைத்திருந்தார். இதை மருமகளுக்குச் சொன்னபோது, "அவர்கள் இவருக்குச் செய்ததுக்குப் பிறகுமா?" என்றாள். ஆம் மகள், அதற்குப் பிறகும்தான்.

அமீர் டமஸ்கஸில் வபாத்தானது 1883இல். நமக்கு அந்த வருடம் வேறொரு விதத்தில் ஞாபகமிருக்க வேண்டும். எகிப்தின் ஒராபி பாஷாவை ஆங்கிலேயர் நாடு கடத்தி, அவர் தோழர்களோடு கொழும்பில் இறக்கியதும் அதே 1883இல்தான். பதினெட்டு வருடம் இங்கே இருந்தார்; ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. அவருடைய தோழர்களில் சிலர் ஊர் போகாமல் நம் மண்ணிலேயே அடக்கமானார்கள். அவர்களுடைய கபுறுகளில் நம்மில் எத்தனை பேர் ஒரு பாத்திஹா ஓதியிருப்போம்? எனக்கு அம்புவாஸில்தான் அந்தக் கேள்வியே வந்தது.

இப்போதுள்ள கற்களை 2005இல் ரஷீத் குரைஷி என்ற அல்ஜீரியக் கலைஞர் அமைத்திருக்கிறார். சிரியாவின் அலெப்போவிலிருந்து கல் கொண்டு வந்து, குர்ஆன் வசனங்களைச் செதுக்கியிருக்கிறார். கல் கொடுத்த அலெப்போவும் சில வருடங்களில் யுத்தத்தில் இடிந்து, அதன் சனங்களும் அகதிகளாகப் போனார்கள். கபுறில் கல் வைப்பது பற்றிய பேச்சுக்கள் நம் மத்தியில் இருப்பது எனக்குத் தெரியும். அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கற்கள் இல்லாவிட்டால் நான் அந்தப் புல்லை மிதித்துக்கொண்டு ஆற்றைப் படம் பிடிக்கப் போயிருப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் ஸலாம் சொன்னோம். மருமகள் போனில் கிப்லா பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை யாஸீன் ஓதத் தொடங்கினார். தங்கச்சி மட்டும் உள்ளே வரவில்லை. புல்லின் ஓரத்தில் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டப் போனேன்.

"ராத்தா, உம்மாட மீசான் இப்பவும் இருக்குதானே?" என்றாள்.

சகோதரிகளே, இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருக்காரர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஆயுதம் தாங்கியவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன சனங்களில் நாங்களும் அடக்கம். புத்தளத்தில் ஓலைக் கொட்டில். வாப்பா மறு வருடமே போய்விட்டார். தங்கச்சி 1992இல் மணமுடித்துப் பிரான்ஸ் வந்தாள். உம்மா வெள்ளிக்கு வெள்ளி, "எப்ப ஊருக்குப் போறம்?" என்று கேட்பார். அடுத்த பெருநாளைக்கு என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம். 1994இல் உம்மா மௌத்தானார். தங்கச்சிக்கு வரக் கடதாசி இல்லை. முகாம்காரர்களுக்கென்று ஒதுக்கிய மணல் நிலத்தில் அடக்கினோம். மீசானுக்குக் கல் வாங்க வசதியில்லை. பூவரசங் கட்டை நட்டோம்.

அந்தக் கட்டை உக்கிப் போனது. மாரி வெள்ளம் மணலை அள்ளியது, அந்த இடத்தைச் சுற்றிப் புதிய கபுறுகள் வந்தன. சில வருடங்களிலேயே எனக்கு இடம் தெரியாமல் போய்விட்டது. இதைத் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பராஅத் இரவும் போன் எடுத்து, "ஆள் விட்டு உம்மாட கபுறடியில ஓதினீங்களா?" என்று கேட்பாள். ஓதினோம் என்பேன். ஓதியது மெய். கபுறடியில் என்றது பொய். அவள் இரண்டு முறை ஊருக்கு வந்தபோதும், மழை, பாதை சரியில்லை, ஆள் இல்லை என்று ஏதேதோ சொல்லித் தவிர்த்தேன்.

கோட்டைத் தோட்டத்தில், அந்நியர் மண்ணில் போனவர்களுக்குக்கூட வரிசையாக இருபத்தைந்து கல் நிற்கும் இடத்தில், எனக்கு இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"இல்லை" என்றேன். "இடமே தெரியாது. நிறைய வருசமாகத் தெரியாது."

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. "முப்பது வருசம்" என்றாள், பிறகு என்னை விலத்திக்கொண்டு கற்களுக்கிடையில் போய் நின்றாள். அந்த நேரம் லியொனார்டோவின் வரிசையிலிருந்து வழி தவறி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, மாப்பிள்ளை ஓதுவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓதி முடியும்வரை அசையாமல் நின்றார்கள். போகும்போது அந்த மனுசி மருமகளிடம் ஏதோ கேட்டாள். இவர்கள் யார் என்றுதான் கேட்டாளாம். மருமகள் பிரெஞ்சில் நீண்ட நேரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பில் பாடசாலையால் இதே கோட்டைக்குத் தன்னைக் கூட்டி வந்ததாகவும், டா வின்சியின் சமாதியைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள் என்றும் பிறகு எனக்குச் சொன்னாள்.

ஊருக்குள் இறங்கினோம். அமீருக்கு அங்கே ஒரு நினைவுச் சிற்பமும் இருக்கிறது, இரும்புத் தகட்டில் அவர் உருவத்தை வெட்டி எடுத்தது. 2022 பெப்ரவரியில் திறப்பதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர் யாரோ அதை உடைத்து நெளித்துவிட்டார்கள். ஊரவர்கள் விழாவை நிறுத்தாமல் அன்றைக்கே திறந்து வைத்தார்கள்.

திரும்பும் வழியில் தங்கச்சி முன் இருக்கையில் வெளியே பார்த்தபடி வந்தாள். நான் பேச முயன்றேன், பதில் இல்லை. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் பின் கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கோட்டை டிக்கட்டையும் ஒரு பேனையையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அண்டைக்கு அடக்கின இடம் ஏறத்தாழவாவது தெரியும்தானே. கீறுங்க."

டிக்கட்டின் பின்பக்கத்தில் கீறினேன். படலை. அதற்கு வலது பக்கம் முள்ளுக்கம்பி வேலி. மூலையில் ஒரு வேப்பமரம். அது இப்போதும் நிற்கிறது. வேப்பமரத்திலிருந்து கடல் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு எட்டு. அதற்குமேல் கை ஓடவில்லை. சுற்றி ஒரு வட்டம் போட்டேன், பெரிதாகவே போட்டேன். தங்கச்சி வாங்கிப் பார்த்தாள். "இந்த வட்டத்துக்குள்ளதான்?" என்றாள். "இதுக்குள்ளதான்" என்றேன். டிக்கட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, டிசம்பரில் டிக்கட் விலை கூடுமா, பெப்ரவரியில் வந்தால் மழை விட்டிருக்குமா என்று கேட்டாள்.